யாருக்கு நடுகல்?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவின் தொடக்கத்தில் நாம் எல்லோரும் எழுந்து நின்றோம். இந்தப் பத்தாண்டுகளில் நம்மைப் பிரிந்த உறுப்பினர்களின் பெயர்களைச் செயலாளர் படித்தார். ஒரு நிமிடம் அமைதி காத்தோம். அந்த ஒரு நிமிடத்தில் என் மனம் கடல் கடந்து சென்றது. அங்கும் ஆண்டுக்கொரு முறை இத்தகைய பட்டியல் ஒன்று அரங்கேறுகிறது. அதையொட்டி ஒரு வழக்கும் எழுகிறது. அவ்வழக்கில் நமக்கும் பங்குண்டு என்று கருதியே இன்று அதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்கத் திரைப்படக் கலைக் கழகம் நடத்தும் ஆஸ்கார் விருது விழாவில், முந்தைய ஓராண்டில் மறைந்த திரைக்கலைஞர்களின் முகங்களைச் சில நிமிடங்கள் திரையிற் காட்டி அஞ்சலி செலுத்தும் வழக்கம் 1990களில் நிலைபெற்றது. இசை ஒலிக்க, முகங்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றி மறையும். காலமோ சிறிது, மறைந்தோர் தொகையோ பெரிது. ஆகவே யாரைச் சேர்ப்பது, யாரை விடுப்பது என்னும் கேள்வி எழாத ஆண்டில்லை.

2009 ஜூன் 25 அன்று இருவர் மறைந்தனர். ஒருவர் நடிகை ஃபாரா ஃபாசெட். மற்றவர் பாடகர் மைக்கேல் ஜாக்சன். 2010ஆம் ஆண்டு விழாவில் ஜாக்சனின் முகம் தோன்றியது. ஃபாசெட்டின் முகம் தோன்றவில்லை. அவரது புகழ் பெரிதும் தொலைக்காட்சியால் வந்தது என்று கழகத்தார் விளக்கம் கூறினர். அப்படியானால் ஜாக்சனின் புகழ் எதனால் வந்தது? இசையால் அன்றோ? ஒரே நாளில் மறைந்த இருவரையும் அவர்கள் ஒரே கோலால் அளக்கவில்லை.

நம் நாட்டவர் கதைக்கு வருவோம். சிவகாசிக்கு அருகே மீனம்பட்டியில் பிறந்து, குழந்தை நட்சத்திரமாகத் தமிழ்த் திரையில் அடியெடுத்து வைத்த ஸ்ரீதேவி 2018 பிப்ரவரியில் மறைந்தார். அடுத்த சில நாள்களில் நடந்த ஆஸ்கார் விழாவில் அவர் முகத்தைக் கண்டு நாம் நெகிழ்ந்தோம். 2022ஆம் ஆண்டு விழாவிலோ திலீப்குமாரும் லதா மங்கேஷ்கரும் இடம்பெறவில்லை. நாடெங்கும் வருத்தம் எழுந்தது. அவ்வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதில் முழுமையாகக் கலந்துகொள்ள என்னால் இயலவில்லை. லதாவின் குரல் ஒலிக்காத தெரு இந்நாட்டில் எது? மூன்று நொடிப் படம் ஒன்று அவருக்குக் கூட்டவும் குறைக்கவும் யாதுமில்லை.

என்னை வருத்துவது வேறொரு நிகழ்ச்சி. ஜேனட் பேட்டர்சன் ஆஸ்திரேலிய ஆடை வடிவமைப்பாளர். நான்கு முறை ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பெற்றவர். கவிஞர் கீட்சின் காதலைச் சொல்லும் ‘பிரைட் ஸ்டார்’ படத்தின் ஆடைகள் அவர் கைவண்ணமே. 2017ஆம் ஆண்டு விழாவில் அவர் பெயர் திரையில் தோன்றியது. ஆனால் அப்பெயருக்கு மேலே இருந்த முகம் அவருடையதன்று. அவரோடு பணியாற்றிய தயாரிப்பாளர் ஜேன் சேப்மன் என்பவரின் முகம் அது. சேப்மன் அன்று உயிரோடு இருந்தார்! தோழியை இழந்த துயரோடு, தன் முகத்தையே இறந்தோர் வரிசையில் காணும் துயரும் அவருக்கு நேர்ந்தது. கழகம் மன்னிப்புக் கேட்டது. எனினும் எண்ணிப் பாருங்கள். புகழ்பெற்ற நடிகர் ஒருவருக்கு இப்பிழை நேருமா? அத்தனை பேர் கைபட்டுச் சென்ற அந்தப் படத்தைப் பார்த்து, ‘இது அவர் முகமன்று’ என்று சொல்ல ஒருவரும் இல்லை. திரைக்குப் பின்னால் உழைத்தவரின் நிலை அதுதான்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சாரா ஜோன்ஸ் ஓர் ஒளிப்பதிவு உதவியாளர், வயது 27. 2014 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் இருப்புப்பாதைப் பாலமொன்றின்மீது படப்பிடிப்பு நடந்தபோது சரக்கு ரயில் மோதி உயிரிழந்தார். அவரை அஞ்சலியிற் சேர்க்குமாறு பல்லாயிரவர் கையெழுத்திட்டு வேண்டினர். கழகம் என் செய்தது? அஞ்சலிப் பகுதி முடிந்தபின், விளம்பர இடைவேளைக்கு முன்னர், திரையின் அடியில் அவர் பெயரை ஒரு வரியாகக் காட்டியது. ‘பெரிய படைப்பு எதையும் அவர் தரவில்லையே, இரக்கம் வேறு, சிறப்பு வேறு’ என்று வாதிடுவோர் உண்டு. ஒரு கலையின் பணியில் நின்றபடியே உயிர்விட்டவருக்கு அக்கலையின் அவையில் இடமில்லையெனில், வேறு எந்த அவையில் இடமுண்டு என்று நான் கேட்கிறேன்.

2023ஆம் ஆண்டு விழாவில் நடிகர் பால் சொர்வினோவின் முகம் இல்லை. ஆஸ்கார் பெற்ற அவர் மகள் மீரா சொர்வினோ வெளிப்படையாகவே வருந்தினார். விடுபட்டோரின் பெயர்களை அறிய விரும்புவோர் கைப்பேசியால் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையில் ஒரு க்யூ.ஆர். குறியீட்டைக் காட்டினார்கள். கருவறையில் இடமில்லை, மதிற்சுவரில் எழுதியிருக்கிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

அப்படியாயின் அளவுகோல் யாது? ‘இவர் இல்லாதிருந்தால் திரையில் எது இல்லாது போயிருக்கும்?’ என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். ‘இவர் பெயரை வேறு யாரேனும் சொல்வார்களா?’ என்பது இரண்டாவது. மக்கள் அறியாத முகங்களைக் காட்டினால் பார்ப்போர் எழுந்து போய்விடுவர் என்பது தொலைக்காட்சியாரின் அச்சம். அஃது அவர்கள் வணிகம். அஞ்சலிக்கு அஃது அளவுகோல் ஆகாது. ஒரே ஓர் இடம் எஞ்சியிருந்து, புகழ்பெற்ற நடிகர் ஒருவரும் பெயரறியாப் படத்தொகுப்பாளர் ஒருவரும் காத்திருந்தால், அவ்விடத்தைத் தொகுப்பாளருக்கே தருவேன். நடிகருக்கு நாளேடுகள் உண்டு. ரசிகர் மன்றங்கள் உண்டு. தொகுப்பாளருக்கு அந்த அவை ஒன்றே உண்டு.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. தன் எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், இரு கள்வரைக் கடித்து அது காத்து நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்தவன், சிறிய கல்லில் இடம் போதாதென்று அந்த நாயை விடவில்லை.

நண்பர்களே, இன்று காலை படித்த பட்டியலுக்குத் திரும்புகிறேன். அதில் எல்லோரும் கவிஞர்கள். நம் வெளியீடுகள் அனைத்துக்கும் மெய்ப்புப் பார்த்துத் தந்த பெரியவர் அதில் இல்லை. அவர் சென்ற ஆண்டு மறைந்தார். அவர் ஒரு கவிதையும் எழுதியதில்லை. உறுப்பினராகக் கையொப்பமிட்டதும் இல்லை. என் முதல் தொகுப்பில் ஓர் ஒற்று மிகுந்து பொருளே தலைகீழாகிவிட்ட வரியைக் கண்டு, மாலை நேரத்தில் என் வீடு தேடி வந்து காட்டிச் சென்றவர் அவர். அவர் பெயர் விடுபட்டதை, அமைதி காத்து அமர்ந்த பிறகே நானும் உணர்ந்தேன். எனவே பிறரைக் குறைகூற வரவில்லை.

அப்பெயரை இம்மேடையில் சொன்னால் என் பேச்சோடு அது காற்றில் கரைந்துவிடும். இந்த உரை அச்சேறும் மலரின் நினைவுப் பக்கத்தில், கவிஞர்களின் வரிசையிலேயே, அதே எழுத்தளவில் அப்பெயர் அமைய வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் மட்டும் அச்சுப்பிழை நேராமல் நாம் பார்த்துக்கொள்வோம். இனி நமக்காகப் பார்க்க அவர் இல்லை.