நீல நிலாவும் அத்திப் பூவும்

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சிவப்பு மையால் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

திருவண்ணாமலைக்கு அருகே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்ற மரபுத்தொடரைக் கரும்பலகையில் எழுதி, ‘மிக அரிதாக, எப்போதாவது ஒருமுறை’ என்று பொருள் சொல்லி, சொந்த வாக்கியம் அமைக்கச் சொன்னேன். ஒரு மாணவி, ‘மை ஃபாதர் கம்ஸ் ஹோம் ஒன்ஸ் இன் எ ஃபுல் மூன்’ என்று எழுதியிருந்தாள். தொடரை மறந்துவிட்டாள் என்று எண்ணி, ‘ஃபுல்’லை அடித்து ‘புளூ’ என்று திருத்தினேன்.

மதிய இடைவேளையில் நோட்டோடு வந்தாள். “சார், அப்பா பெங்களூருல கொத்தனார் வேலை பார்க்குறாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்துடுவாரு. எப்பவாவது வர்றவரு இல்ல சார்” என்றாள்.

அவளுக்குத் தொடர் புரிந்திருந்தது. புரிந்ததால்தான் அதை அப்பாவுக்குப் பொருத்த மறுத்தாள். ‘எவ்ரி ஃபுல் மூன்’ என்று எழுதியிருக்க வேண்டும்; அவ்வளவுதான் பிழை. நானோ பிழையை விட்டுவிட்டு உண்மையைத் திருத்தியிருந்தேன்.

அன்று மாலைதான் அந்தத் தொடரை நானே ஒழுங்காகப் படித்தேன். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறத்தாழ 29½ நாள். எனவே மாதத் தொடக்கத்தில் ஒரு பௌர்ணமி வந்தால், அதே ஆங்கில மாத இறுதியில் இன்னொன்றும் வரக்கூடும். அந்த இரண்டாவதை இன்று ‘புளூ மூன்’ என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. ஆனால் இந்த வழக்கு, 1946இல் ஓர் அமெரிக்க வானியல் இதழ் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதால் பரவியது. ‘அரிதாக’ என்ற பொருளில் தொடர் அதற்கும் முந்தியது. நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததும் உண்டு. 1883இல் கிரக்கடோவா எரிமலை வெடித்தபோது, காற்றில் கலந்த நுண்துகள்களால் அப்படித் தெரிந்தது.

பயன்படுத்துவதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, நாள் குறித்து நடப்பவற்றுக்கு இத்தொடர் பொருந்தாது. மாதாந்திரத் தேர்வு ‘புளூ மூன்’ ஆகாது. இரண்டு, இது பேச்சுநடைத் தொடர். விண்ணப்பக் கடிதத்தில் ‘வெரி ரேர்லி’ என்று எழுதுவதே நல்லது.

பொருள் விளக்க நம்மிடமே நல்ல துணை இருக்கிறது: ‘அத்தி பூத்தாற்போல’. அத்தி பூக்காத மரமன்று. அதன் பூக்கள் காய்போல் தோன்றும் பகுதிக்குள்ளேயே மறைந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. ‘நீல நிலா’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குழம்பும் குழந்தை, அத்தியைச் சொன்னதும் தலையசைக்கும்.

இப்போதெல்லாம் நான் வாக்கியத்தை முதலில் கேட்பதில்லை. “உங்கள் வீட்டில் தினமும் நடப்பது எது? மாதம் ஒருமுறை நடப்பது எது? அத்தி பூத்தாற்போல நடப்பது எது?” என்று தமிழில் கேட்கிறேன். மூன்றாவது விடைக்கு மட்டும் இத்தொடரைத் தருகிறேன். திருத்தும் முன், “ஏன் இப்படி எழுதினாய்?” என்றும் கேட்கிறேன்.

மறுநாள் அந்த மாணவி புதிதாக ஒரு வாக்கியம் எழுதி வந்தாள்: ‘மை ஃபாதர் கெட்ஸ் ஆங்ரி ஒன்ஸ் இன் எ புளூ மூன்.’

அதில் திருத்த ஒன்றுமில்லை.