பழியை யார் தலையில் வைப்பது?



தீமை என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை ஆட்டிவைக்கிற ஒருவன் வெளியே எங்கோ இருக்கிறான் என்பதைத்தான் நான் நம்பவில்லை. நம்புகிறவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. என் கவலை வேறு. சாத்தானை நம்புகிற மனிதன், தன் கையால் நடந்த கொடுமையை யார் தலையில் வைக்கிறான்? இந்தக் கேள்விக்கு ஒரே ஊரின் வழக்கில் கிடைத்த இரண்டு பதில்களை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சேலம் என்று ஒரு ஊர். நம் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்த ஊர்ப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு இன்னதென்று புரியாத வலிப்பும் அலறலும் வந்தன. இது தீய சக்தியின் வேலை என்றார் மருத்துவர். சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட சூனியக்காரிகள் யார் யார் என்று தேடத் தொடங்கினார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். நாலு வயதுக் குழந்தை ஒன்றைக்கூட விலங்கிட்டுச் சிறையில் வைத்தார்கள். 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் வழக்குக்கு உட்பட மறுத்ததால், அவர் மார்பின்மேல் கல்லடுக்கியே கொன்றார்கள்.

சாட்சி என்ன தெரியுமா? 'அந்த அம்மாளின் ஆவி என் அறைக்கு வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது' என்று சிறுமிகள் சொன்னது. அந்த நேரத்தில் அந்த அம்மாள் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அது கணக்கில் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அந்தச் சொல்லில் நின்றவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். பொய் சொல்ல மனம் வராதவர்கள்தான் செத்தார்கள். ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டிக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவர் நல்லவர் என்று அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். ஜூரிகளும் முதலில் நிரபராதி என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். சிறுமிகள் அலறினார்கள், நீதிமன்றம் ஜூரிகளை மறுபடி யோசிக்கச் சொன்னது, தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். வெறி தணிந்தது. அதன் பிறகு நடந்தவைதான் எனக்கு முக்கியம்.

1697 ஜனவரியில் அந்த மாகாணம் முழுவதும் ஒரு நாள் உண்ணாநோன்பு இருந்தது. அன்று பாஸ்டன் நகரத் தேவாலயத்தில், தீர்ப்பு வழங்கிய நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல் தன் இருக்கையிலிருந்து எழுந்து நின்றார். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் போதகர் சபைமுன் வாசித்தார். சேலத்தில் நடந்ததற்கான பழியையும் அவமானத்தையும் தான் ஏற்றுக்கொள்வதாகவும், அதற்காக மனிதரிடமும் கடவுளிடமும் மன்னிப்பு வேண்டுவதாகவும் அதில் எழுதியிருந்தார். வாசித்து முடிக்கும்வரை அவர் நின்றார். ஊரே மதிக்கும் செல்வந்தர், நீதிபதி. அவரைக் கேள்வி கேட்பார் யாருமில்லை. தானாக எழுந்து நின்றார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1706-இல், சேலத்தில் அதே மாதிரி இன்னொருவர் எழுந்து நின்றார். ஆன் பட்னம். பலருக்கு எதிராகச் சாட்சி சொன்னபோது அவளுக்கு வயது 12. இப்போது இருபதுகளில் இருக்கும் பெண். பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவள் தந்த தாளையும் போதகர் வாசித்தார். ரெபெக்கா நர்ஸ் உள்ளிட்டோர் குற்றமற்றவர்கள் என்று இப்போது நம்புவதாகவும், அவர்களுடைய குடும்பத்தாரிடம் மன்னிப்பு கேட்பதாகவும் அதில் இருந்தது. கோபத்தாலோ பகையாலோ செய்யவில்லை, அந்தக் கெட்ட காலத்தில் சாத்தான் தன்னை ஏமாற்றிவிட்டான் என்பதும் அதில் இருந்தது.

அவள்மேல் எனக்கு இரக்கம்தான் அதிகம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. வீட்டிலும் ஊரிலும் பெரியவர்கள் தூண்டிவிட்டார்கள். சபைமுன் நிற்க அவளுக்கும் துணிவு வேண்டியிருந்தது. ஆனாலும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1692-இல் சாத்தானைக் காட்டிப் பிறரைக் கொன்றார்கள். 1706-இல் அதே சாத்தானைக் காட்டித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. சீவலும் சாத்தான் உண்டு என்று முழுமனதாக நம்பியவர்தான். அப்படியிருந்தும், தான் செய்ததற்கு அவனைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

பழியை ஏற்றுக்கொண்ட அந்த மனிதர் மாறினார். 1700-இல், அடிமை வாணிபத்தைக் கண்டித்து அவர் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அந்த நாட்டில் அப்படி எழுதுவது அன்று அரிதினும் அரிது. ஆனால் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த வில்லியம் ஸ்டோட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவே இல்லை.

தீமையை என்ன செய்வது என்பதற்கு நம்மிடமும் ஒரு கதை உண்டு. நம் கந்தபுராணத்தில் அசுரன் சூரபத்மன் அழிந்து மறைவதில்லை. வேலால் இரண்டாகப் பிளக்கப்பட்டு மயிலும் சேவலும் ஆகி, முருகனோடேயே இருக்கிறான். திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தீமையைத் துரத்திவிட முடியாது, கண்ணெதிரே கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றே நான் அந்தக் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

சேலம் வழக்கு முந்நூறு ஆண்டுக்கு முந்திய எங்கோ ஒரு ஊர்க் கதை என்று விட்டுவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. பேய் பிடித்தது, செய்வினை என்று சொல்லி உறவினர்கள் தொலைதூரத்திலிருந்து நோயாளிகளைக் கொண்டுவந்து விடும் ஊர் அது. அங்கே தீமை செய்தது எந்தப் பேயும் அல்ல. அந்தச் சங்கிலியைப் பூட்டியவை மனிதக் கைகள்.

மனநலம் பாதித்தவர்களைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவரைப் பற்றி 'பேய் பிடித்திருக்கிறது' என்று பேச்சு எழுந்தால், கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.