வானிலிருந்து வந்த மூட்டைகள்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மன்றத்தின் செயலாளர் நம்மிடம் வந்து, "ஐயா, இளைஞர்களுக்குப் பயன்படத்தக்க ஒரு பொருளைப் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டார். தொண்டு என்னும் பொருளில் பேசுவதாக ஒப்புக்கொண்டோம். தொண்டைப் பற்றிப் பேச வந்தவர் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று சற்று நேரத்தில் நீங்கள் எண்ணக்கூடும். பொறுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு முடிவில் விளங்கும்.

நமது புத்தளத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது பாலாவிப் பக்கத்து ஓடுபாதை பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாய் இருந்தது. கரையிலுள்ள தளத்துக்கும் கப்பலுக்குப் போலப் பெயரிடுவது அக்கடற்படையின் வழக்கம். இத்தளத்துக்கு இட்ட பெயர் 'ராஜாலியா'. நம் தமிழில் இராசாளி என்று வழங்கும் சொல்லின் உறவுச் சொல் அது. அங்கே விமானங்களை இழுத்து நகர்த்த யானைகளைப் பயன்படுத்தினார்கள். நாம் சிறுவராய் இருந்த காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொன்னபோது நம்பவில்லை. பின்னர் புகைப்படத்திலே கண்டோம். இரும்புப் பறவைக்கு முன்னே நமது காட்டு ராஜா நின்று சங்கிலியை இழுக்கிறார்!

ஆனால் ராஜாலியாவில் நின்றவை போர் விமானங்கள். நாம் இன்று பேச வந்தது குண்டும் துப்பாக்கியும் இல்லாமல் அரிசியும் மாவும் மருந்தும் சுமந்த விமானங்களைப் பற்றியும், அவற்றிலே பறந்தவர்களின் நினைவுகளைப் பற்றியும். அவை உழைத்த இடம் வங்காள விரிகுடாவின் மறுகரையாகிய பர்மா எல்லை. எனினும் அந்தப் போர்முனையின் தலைமைப் பீடம் 1944 ஏப்ரலில் டில்லியை விட்டு நமது கண்டிக்கே வந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனைப் பூங்காவில் இருந்துகொண்டே அதனை நடத்தினார்.

அந்த விமானத்தின் பெயர் டக்கோட்டா. இரண்டு இயந்திரம், இறக்கையின் முனைக்கு முனை 95 அடி, சாதாரணமாகச் சுமப்பது 3 தொன் அளவு. அமெரிக்காவில் பிரயாணிகளை ஏற்றுவதற்காக 1935-ல் முதன்முதல் பறந்த விமானம். யுத்தம் அதனைச் சுமைகூலி ஆக்கிவிட்டது.

1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது அங்கே வாழ்ந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில் கால்நடையாக இந்தியாவை நோக்கி நடந்தார்கள். அவர்களிலே தமிழர் பலர். ரங்கூனில் கடையும் தொழிலும் வைத்திருந்தவர்கள், வயலிலும் ஆலையிலும் உழைத்தவர்கள், கைக்குழந்தையோடு சேற்றிலும் காட்டிலும் நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பசியும் காய்ச்சலும் வழியெல்லாம் ஆட்களைச் சாய்த்தன. அந்தக் காட்டுப் பாதைகளின் மேலே டக்கோட்டாக்கள் தாழப் பறந்து உணவு மூட்டைகளைப் போட்டன. ஒரு மூட்டை கைக்குக் கிடைத்த குடும்பம் பிழைத்தது. பள்ளத்தாக்கிலே விழுந்த மூட்டையை மேலிருந்து பார்த்துக்கொண்டே பசியோடு நடந்த குடும்பங்களும் இருந்தன.

பொருளைப் போடுவது பெரிய வித்தையா என்று கேட்பீர்கள். பெரிய வித்தைதான்.

அரிசி, மா, பருப்பு, கால்நடைத் தீவனம் போன்றவற்றைப் பரசூட் இல்லாமலே கீழே விடுவார்கள். ஒற்றைச் சாக்கிலே இறுகக் கட்டினால் தரையில் மோதியவுடன் வெடித்துச் சிதறிவிடும். ஆகையால் உள்சாக்கை முழுதும் நிரப்பாமல் தளர்வாகக் கட்டி, அதனைவிடப் பெரிய இன்னொரு சாக்குக்குள் வைப்பார்கள். உள்ளது கிழிந்தாலும் வெளியுள்ளது தாங்கும். மருந்து, வெடிமருந்து, வானொலிக் கருவி முதலிய உடையும் பொருள்களுக்குப் பரசூட் வேண்டும். அதன் கயிற்றை விமானத்துக்குள் ஓடும் கம்பியிலே கொக்கியால் மாட்டுவார்கள். மூட்டை வெளியே போனதும் கயிறு இழுபட்டுப் பரசூட் தானே விரியும். சாக்கு மூட்டைக்கு விமானம் மிகவும் தாழவேண்டும். பரசூட்டுக்குச் சற்று உயரவேண்டும். மாறினால் இரண்டும் பாழ்.

விமானத்தின் இடப்பக்கத்துக் கதவைக் கழற்றிவிடுவார்கள். திறந்த வாசலிலே மூட்டைகளை அடுக்கி, விமானி விளக்கைக் காட்டியதும் உள்ளே நிற்பவர்கள் தள்ளவேண்டும். கையால் தள்ள நேரம் போதாது. ஆகவே தரையிலே மல்லாந்து படுத்து, முதுகை ஊன்றிக்கொண்டு இரு காலாலும் உதைப்பார்கள். ஒரு சுற்றிலே சில மூட்டைகள்தான் போகும். மீண்டும் வட்டமிட்டு வரவேண்டும். ஒரு விமானத்தின் சுமை தீர எட்டு, பத்துச் சுற்றுகள் ஆகும். மலைகளுக்கிடையே, மழை மேகத்துக்குள்ளே, துப்பாக்கி குறிபார்க்கும் இடத்திலே, அதே பாதையில் பத்துத் தடவை!

இதன் கடினத்தைக் கணக்காகவே பார்ப்போம். 1944 ஏப்ரலில் கோஹிமா என்னும் மலையூரில் ஒரு சிறு படை முற்றுகையிலே அகப்பட்டது. கடைசி நாட்களில் அவர்கள் கையில் எஞ்சிய நிலம் ஏறத்தாழ 350 கெஜச் சதுரம். மணிக்கு 120 மைல் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 176 அடி கடக்கும். அந்த நிலத்தை அது கடக்கும் நேரம் வெறும் ஆறு விநாடி. தண்ணீர் ஊற்று எதிரியின் கையிலே போய்விட்டதால், மோட்டார் வண்டிச் சக்கரத்தின் உட்குழாயிலே நீர் நிரப்பி மேலிருந்து போட்டார்கள். சில மூட்டைகள் எல்லை தாண்டி விழுந்தன. தாகத்தால் நா வறண்டு நின்றவர்கள், தங்களுக்கு வந்த பொருளை எதிரி எடுத்துச் செல்வதைக் கண்ணால் கண்டார்கள். கொடுத்தவர்கள் மனத்திலே குறையில்லை. ஆனால் கொடுத்தது சேரவில்லை.

இம்பாலில் இன்னும் பெரிய முற்றுகை. 1944 ஜூன் 22-ல் வீதி திறக்கும்வரை ஒரு படையே வான்வழியை நம்பி உயிர் பிடித்திருந்தது. இவ்வளவுக்கும் பரசூட் எங்கிருந்து வந்தது? பட்டுத் துணிக்குப் பஞ்சம். பதினாலாவது படையின் தளபதி ஸ்லிம், வங்காளத்துச் சணல் ஆலைக்காரரிடம் போனார். நமது கடைகளிலே அரிசி மூட்டை கட்டும் அதே சணல்! ஒரு மாதத்துக்குள் சணலிலே பரசூட் செய்தார்கள். பட்டுப் பரசூட்டுக்கு 20 பவுணுக்கு மேல் செலவானால், இதற்கு ஒரு பவுணுக்குச் சற்று மேல். வேலையிலோ நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தேறியது என்று ஸ்லிம் தமது நூலில் எழுதியிருக்கிறார். மனிதர் குதிப்பதற்கு உதவாது, மூட்டைக்குத் தாராளம். இல்லாததை எண்ணி அழாமல், இருப்பதைக் கொண்டு வேலையை முடிக்கும் புத்தி இதுவன்றோ?

இன்னுமொரு செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது. 1943-ல் எதிரியின் பின்புறத்துக் காட்டுக்குள் சென்ற விங்கேட்டின் படையினர் தங்களுக்கு வேண்டியதை வானொலியிலே கேட்பார்கள். ஒருவர் கண்ணாடி உடைந்துவிடும். ஒருவர் பொய்ப்பல் தொலைந்துவிடும். அவையும் பரசூட்டிலே வந்து இறங்கின. நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் பொய்ப்பல் இல்லாத மனிதனுக்கு வன்பிசுக்கோத்து எதற்கு? கேட்டறிந்து கொடுத்தார்கள், அதுவே அதன் பெருமை.

அவ்விமானங்களிலே பறந்தவர்கள் வயோதிப காலத்திலே எழுதியும் சொல்லியும் வைத்த நினைவுகள் பல. வீரப் பிரதாபம் அவற்றிலே அதிகம் இல்லை. எதிரியைக் காட்டிலும் பருவமழை மேகத்துக்கே அஞ்சினோம் என்கிறார்கள். கீழே கையசைத்தவர்களின் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை என்கிறார்கள். தங்கள் மூட்டையே கீழே நின்ற ஆளின்மேல் விழுந்து உயிரைக் கொண்டுபோன சோகமும் உண்டு. விமானிக்குப் பதக்கம் கிடைத்தது. விமானத் தளங்களிலே இரவெல்லாம் சாக்குத் தைத்து, அடுக்கி, ஏற்றிய இந்தியத் தொழிலாளரின் பெயரோ எங்கும் காணோம். அவர்கள் ஒரு முடிச்சைத் தளர விட்டிருந்தால் விமானியின் துணிவு முழுவதும் வீணாய்ப் போயிருக்கும்.

நமது நாட்டின் வானத்திலும் இவ்வித மூட்டைகள் விழுந்ததுண்டு. 1987 ஜூன் 4-ந் தேதி, இந்திய விமானப்படையின் அந்தோனோவ்-32 விமானங்கள் ஐந்து, மிராஜ் போர் விமானங்கள் காவலாய் வர, பெங்களூரிலிருந்து வந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின்மேல் உணவும் மருந்தும் போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். முதல் நாள் படகுகளில் அனுப்பிய பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. வான்வழி வந்ததை இலங்கை அரசாங்கம் தன் இறைமைக்கு இழைத்த தீங்கு என்று கண்டித்தது. அந்த வாதத்துக்குள் இவ்வேளை நாம் புகவில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். போட்டது ஏறத்தாழ 25 தொன். இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த குடாநாட்டுக்கு அது எத்தனை வேளைச் சோறு? அந்த மூட்டைகளுக்குள் உணவைவிடச் செய்தியே அதிகம் இருந்தது. வானிலிருந்து விழும் மூட்டை எதுவானாலும், அதற்குள் கொடுப்பவனுடைய மனமும் கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது கதவும் இல்லை, கால் உதையும் இல்லை. விமானத்தின் பின்புறமே வாயாகத் திறக்கிறது. உருளைகளின்மேல் பெரும் பெட்டிகள் வழுகிப் போகின்றன. செய்மதி வழிகாட்ட, தானே திசை திருப்பி இறங்கும் பரசூட்டும் வந்துவிட்டது. ஆனாலும் 2024 மார்ச்சில் காசாவிலே, பரசூட் விரியாத பெட்டிகள் விழுந்து மனிதர் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. கடலில் விழுந்ததை எடுக்கப் போனவர்கள் மூழ்கினார்கள் என்றும் வந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும், பசித்தவன் தலைமேலேயே உணவு விழுகிறது!

அன்பர்களே, இனி நமது கதைக்கு வருவோம். சொல்ல வெட்கமாய் இருக்கிறது. ஆயினும் இளைஞர்கள் கேட்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். 2016 மே மாதத்து வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். நமது மாவட்டத்திலே பல கிராமங்கள் நீருக்குள் கிடந்தன. நாமும் நண்பர் சிலரும் ஒரு லொறி நிறைய உலர் உணவுப் பொதிகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். வீதியை வெள்ளம் மறித்த இடத்தில் லொறி நின்றது. சனங்கள் இடுப்பளவு தண்ணீரிலே ஓடி வந்தார்கள். நாம் லொறியின் மேலே நின்றபடி பொதிகளை எறியத் தொடங்கினோம். வலியவர் கைக்கு மூன்று போயிற்று; மெலியவர் கைக்கு ஒன்றுமில்லை. பொதிகள் தண்ணீரிலே விழுந்து பிரிந்து அரிசி மிதந்தது. ஒரு தகரப் பேணி ஒரு மூதாட்டியின் தோளிலே பட்டது. அவர் அழவில்லை, ஏசவுமில்லை. நம்மை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"தம்பி, அரிசி கொண்டு வந்தீங்க, நல்லா இருங்க. அடுப்பு தண்ணிக்குள்ள கிடக்கு. இத நாங்க எதில ஆக்குறது?"

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. நாம் எறிந்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினோம். எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்று தெரியாது. என்ன தேவை என்று கேட்கவுமில்லை. எண்ணெயும் எரிச்சலும் நிறைந்த பழைய டக்கோட்டாவில், எதிரியின் நிலத்துக்கு மேலே பறந்தவன் மலைக்காட்டில் ஒருவனுடைய பொய்ப்பல்லைக் கேட்டறிந்து போட்டான். பத்து மைல் தூரத்திலே தரையில் நின்ற நம்மால் ஓர் அம்மாளின் அடுப்பைப் பற்றிக் கேட்க முடியவில்லையே!

விமானியாவது இறங்கமுடியாமல் மேலிருந்து போட்டான். நாம் இறங்கக்கூடியவர்கள், இறங்காமல் எறிந்தோம். குற்றம் அதுவே.

ஆகவே இளைஞர்களே, அடுத்த வெள்ளம் வருமுன் இவற்றை மனத்தில் வையுங்கள். முதலாவது, லொறி புறப்படுமுன் இருவர் சைக்கிளிலோ தோணியிலோ முன்னே போகட்டும். எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, அடுப்பு எரிகிறதா, குடிக்கத் தண்ணீர் உண்டா, யாருக்கு என்ன மருந்து என்று கேட்டு எழுதி வரட்டும். அடுப்பு எரியாத ஊருக்குச் சமைத்த சோற்றுப் பார்சல். எரியும் ஊருக்கு அரிசி. இரண்டாவது, பொதி கட்டுகிறவன் வேலையை இழிவாக எண்ணாதீர்கள். நீர் புகாமல், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரட்டையாகக் கட்டுங்கள். மூன்றாவது, பொதியை ஒருபோதும் எறியாதீர்கள். இறங்குங்கள், தண்ணீரிலே நில்லுங்கள், கையிலே கொடுங்கள். வாங்குபவர் எந்தச் சமயத்தவர், எந்த மொழியினர் என்று பாராதீர்கள். வெள்ளம் அதைப் பார்த்து வருவதில்லை. நான்காவது, ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய், கொடுத்தது உதவிற்றா என்று கேளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

நமது கோயில்களிலே அன்னதானம் நடக்கிறது. இலை போட்டு, உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுப் பரிமாறுகிறோம். அந்தக் கேள்வியிலேதான் தானம் இருக்கிறது. அதனைப் பந்தலோடு விட்டுவிடாமல் வெள்ளத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள்.