துணி உலர்த்தும் பொறியும் ஓர் அறுந்த கம்பியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. எனக்கு முன் பேசிய நண்பர் சிலப்பதிகாரத்தின் சுவையை வாரி வழங்கிச் சென்றார். அவர் நின்ற இடத்தில் நான் வந்து நின்று, துணி உலர்த்தும் பொறியைப் பழுது பார்ப்பது எப்படி என்று பேசத் தொடங்கினால், உங்களுள் சிலர்க்குச் சிரிப்பு எழலாம். எழட்டும். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் காலம் கழிப்பவன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்? மேலும், இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் அப்பொறி இருக்கிறது என்பதை நான் அறிவேன். மழைக்காலத்தில் நம் காலனியின் ஒவ்வொரு பின்கட்டிலிருந்தும் அது எழுப்பும் ஓசையைக் கேட்டுக்கொண்டுதானே நான் அலுவலகம் போகிறேன்!

நம் ஊர்ப் பக்கம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டும். கொட்டித் தீர்ந்ததும் வெயில் காயும். மொட்டை மாடிக் கொடியில் துணி உலர்ந்துவிடும். புனேயின் மழை அத்தகையதன்று. ஆண்டு முழுவதற்கும் இங்கே பெய்வது ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் பாதி. ஆயினும் அதிற் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தூறலும் சாரலுமாக வருகிறது. நாட்கணக்கில் சூரியன் முகம் காட்டுவதில்லை. பள்ளிச் சீருடை மூன்று நாளாயினும் ஈரம் மாறாமல், ஒரு வகை முடை நாற்றத்தோடு கொடியில் தொங்கும் காட்சியைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ரோஸ் மூர் என்பவர், பனிக்காலத்தில் வெளியே துணி உலர்த்தும் துன்பத்தைப் போக்க எண்ணி, வெப்பக் காற்றில் துணியைப் புரட்டி உலர்த்தும் பொறி ஒன்றைச் செய்தார். அது 1938-ஆம் ஆண்டில் ‘ஜூன் டே’, அதாவது ‘ஜூன் மாதப் பகல்’ என்ற பெயரோடு கடைக்கு வந்தது. அவர்கள் நாட்டில் ஜூன் இனிய வெயில் மாதம். புனேயின் ஜூன் மாதப் பகலை அவர்கள் ஒரு முறை கண்டிருப்பார்களாயின், வேறு பெயர் தேடியிருப்பார்கள்!

நம் வீடுகளில் இருப்பது அந்தச் சூடான பொறி அன்று. இரட்டைத் தொட்டிப் பொறியில், ஒரு தொட்டி துவைக்க, மற்றொன்று பிழிய. அந்த இரண்டாவது தொட்டியைத்தான் நாம் ‘டிரையர்’ என்கிறோம். அதனுள் துளைகள் நிறைந்த கூடை ஒன்று, மோட்டாரின் தண்டின்மேல் நேராக அமர்ந்திருக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 சுற்று. கூடையின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு நான் ஒரு நாள் அலுவலகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடையின் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! நம் பாசஞ்சர் வண்டி ஓடும் வேகம் அது. துணியில் இருக்கும் ஒவ்வொரு துளி நீரும் தன் எடையைப் போல் 270 மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படுகிறது. அதனால்தான் சூடு சிறிதும் இல்லாமல் ஐந்து நிமிடத்தில் நீர் வெளியேறுகிறது. இந்த வேகத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெருமழை. எங்கள் வீட்டு டிரையர் ஒரு நாள் காலை ‘உம்’ என்று உறுமிவிட்டு, சுற்றாமல் நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தேன். “இன்றைக்கே ஓட வேண்டும், ஐயா. பிள்ளைகளுக்கு உடுத்தத் துணி இல்லை” என்று நான்தான் அவரை விரட்டினேன். அவர் பின்பலகையைக் கழற்றி, கால் மணி நேரம் ஏதோ செய்தார். 350 ரூபாய் பெற்றுக்கொண்டு போனார். பொறி முன்னிலும் விரைவாக ஓடியது. மூடியைத் திறந்தாலும் ஓடியது. அதை நான் ஒரு வசதியாகக் கருதினேனேயன்றிக் குறையாகக் கருதவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாம் நாள் மாலை. என் தாயார் மூடியைத் திறந்து, துணி பிழிந்தாயிற்றா என்று குனிந்து பார்த்தார். அவருடைய முந்தானை நழுவிக் கூடைக்குள் விழுந்தது. பிறகு நடந்ததை நான் விரித்துச் சொல்ல விரும்பவில்லை. சேலை கிழிந்தது நல்லதாயிற்று. கிழியாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் மனம் ஒப்பவில்லை. என் மகன் ஓடிச் சென்று பிளக்கைப் பிடுங்கினான். தாயாரின் தோளில் ஏற்பட்ட கன்றல் ஆற ஒரு மாதம் ஆயிற்று.

அன்றிரவு நம் காலனியில் உள்ள பெரியவர் ஒருவரிடம் போனேன். ரயில் பெட்டிப் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் தம் பெயரைச் சொல்லலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து பின்பலகையைக் கழற்றினார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே பார்த்தேன். மூடியின் கீழே இருக்க வேண்டிய சுவிட்சின் இரண்டு ஒயர்களும் வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று முறுக்கி, நாடா சுற்றப்பட்டிருந்தன. பிரேக் கட்டையோ, சக்கரத்தைத் தொடாதபடி ஒரு துண்டுக் கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

பெரியவர் என்னைப் பார்த்து, “தம்பி, ஓடுகிற வண்டியில் இரண்டு பெட்டிக்கு நடுவே ஓஸ் பிரிந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“பிரேக் பிடித்துக்கொள்ளும், அண்ணே” என்றேன்.

“இதுவும் அதுதான். கம்பி அறுந்தது, பிரேக் பிடித்துக்கொண்டது. பொறி நின்றது சரி. நின்றதை இப்படி ஓட்டியதுதான் தவறு” என்றார்.

இருபது ஆண்டு ரயில்வேயில் சம்பளம் வாங்கியவனுக்கு அப்பொழுதுதான் கண் திறந்தது. டிரையரின் பிரேக்கை ஒரு வில் எப்பொழுதும் சக்கரத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. மூடியை மூடும்போது, மூடியோடு இணைந்த மெல்லிய கம்பி அந்தக் கட்டையை விலக்குகிறது, சுவிட்சும் சேர்கிறது. மூடியைத் திறந்தால் மின்சாரம் அறும், கட்டை அழுந்தும், கூடை நிற்கும். கம்பி அறுந்துபோனால், மூடி மூடியிருந்தாலும் கட்டை விலகாது. மோட்டார் உறுமும், கூடை சுற்றாது. பழுது வந்தால் அபாயத்தின் பக்கம் சாயாமல், பாதுகாப்பின் பக்கம் சாயுமாறு அமைத்திருக்கிறார்கள்.

ரயில் உலகம் இந்தப் பாடத்தைக் குருதி சிந்திக் கற்றது. அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊருக்கு அருகே, 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற சுற்றுலா வண்டி ஒன்று ஏற்றத்தில் ஏற மாட்டாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோக முயன்றனர். அவ்வண்டியின் பிரேக், குழாய் இணைந்திருந்தால் மட்டுமே பிடிக்கும் வகை. பிரித்தவுடன் பின்பாதிக்குப் பிரேக் அற்றுப்போயிற்று. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியோடு மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் சிறுவர். குழாய் பிரிந்தால் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் அதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே, 1870-களில், அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் என்பவரால் அமைக்கப்பட்டுவிட்டது. எனினும் அந்த 80 உயிர் போன பின்னரே, அதே ஆண்டில், பயணி வண்டிகளுக்கு அத்தகைய பிரேக் கட்டாயம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. இன்று போர் காட் மலைப்பாதையில், 37 அடிக்கு ஓர் அடி தாழும் சரிவில், நாம் கர்ஜத்தை நோக்கி உறங்கிக்கொண்டே இறங்குகிறோம் என்றால், அந்தத் தத்துவத்தை நம்பித்தான்.

சரி, பழுது பார்ப்பதற்கு வருவோம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாதோ என்று கேட்காதீர்கள், போதாது. தரை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர்ச் செருப்பு இருக்க வேண்டும். ஒரு திருப்புளி, ஒரு குறடு, ஒரு கைவிளக்கு, கழற்றிய திருகாணிகளைப் போட ஒரு கிண்ணம். இவ்வளவுதான் கருவிகள்.

பொறியைத் திறக்குமுன் அது எழுப்பிய ஓசையை நினைத்துப் பாருங்கள். ஓசையே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை: பிளக், டைமர், மூடிச் சுவிட்சு இவற்றுள் ஒன்று. சுவிட்சின் முனைகளில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம். மாற்றுவது அதனினும் நன்று. தடதடவென்று இடித்தால் துணி ஒரு பக்கம் குவிந்திருக்கிறது. எடுத்துப் பரப்பி வையுங்கள், திருப்புளிக்கு வேலை இல்லை. ஓடியும் துணி சொட்டச் சொட்ட இருந்தால் கழிவு நீர்க் குழாயைப் பாருங்கள்.

உறுமல் மட்டும் கேட்டால் மூன்று காரணங்கள் உண்டு. கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே கைக்குட்டையோ, காலுறையோ சிக்கியிருக்கலாம். துணியின்மேல் வைத்து அழுத்துவதற்கென்று வட்டமான பிளாஸ்டிக் தட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்களே, அது எந்த வீட்டிலாவது இருக்கிறதா? எங்கள் வீட்டில் அது நெடுங்காலம் மாவு டப்பாவுக்கு மூடியாக இருந்தது! அந்தத் தட்டு இல்லாமையால்தான் சிறு துணிகள் பறந்து இடுக்கில் விழுகின்றன.

இரண்டாவது காரணம், கண்டென்சர் வலிமை குன்றுதல். இதில் எச்சரிக்கை வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர் தன்னுள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஹோல்டரில் மாட்டிய சாதாரணக் குண்டு பல்பின் இரண்டு ஒயர்களை, உறையுள்ள பகுதியைப் பிடித்துக்கொண்டு, அதன் இரு முனைகளிலும் சிறிது நேரம் தொட வைத்தால் அது வடிந்துவிடும். பழையதன்மேல் எத்தனை மைக்ரோபாரட், எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதோ, அதே அளவில் புதியதை வாங்க வேண்டும். ‘கொஞ்சம் பெரியதாகப் போட்டால் வேகமாக ஓடும்’ என்று கடைக்காரர் சொன்னால் கேளாதீர்கள். மோட்டார் சூடேறிக் கெடும்.

மூன்றாவது, எங்கள் வீட்டில் நேர்ந்தது: பிரேக் கம்பி. புதன் பேட்டையில் தப்கீர் கல்லி என்னும் மின்சாதனக் கடைத் தெரு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அறுந்த கம்பியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நீளமும் முனைக் கொக்கியும் பொறிக்குப் பொறி வேறுபடும். அளவு தெரியாமல் போய் நான் இரண்டு முறை நடந்தேன். கம்பியும் சுவிட்சும் சேர்த்து எனக்கு 140 ரூபாய் ஆயிற்று. மாட்டிய பின், மூடியை மூடிப் பாருங்கள்: கட்டைக்கும் சக்கரத்திற்கும் இடையே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி வேண்டும். திறந்து பாருங்கள்: கட்டை அழுந்த, கூடை கையால் எளிதில் சுற்றலாகாது. பின்பலகையை மூடித் திருகிய பிறகே பிளக்கைச் செருக வேண்டும். கடைசிச் சோதனை ஒன்று உண்டு. கூடை முழு வேகத்தில் சுற்றும்போது, எட்ட நின்று, மூடியைத் திறவுங்கள். பத்து எண்ணுவதற்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால், துணி எவ்வளவு நன்றாகப் பிழியப்பட்டாலும், உங்கள் வேலை முடியவில்லை.

நம் கைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்து நீர் மோட்டாரின்மேல் சொட்டுமானால், கருகிய வாடை வருமானால், பொறியைத் தொட்டால் ‘சுரீர்’ என்று இழுக்குமானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேர்ந்தவரை அழையுங்கள். கடைசியாகச் சொன்னது எர்த் ஒயரின் குறையாகவும் இருக்கலாம். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகும் வழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது. எலிகளைப் பற்றியும் சொல்ல எண்ணினேன்; தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கீழே ஒரு கம்பி வலை அடித்துவிடுங்கள், போதும்.

அந்தப் பழுது பார்ப்பவர்மேல் எனக்குச் சினம் இல்லையென்று சொன்னால் பொய்யாகும். ஆயினும், இன்றைக்கே ஓட வேண்டும் என்று கேட்டவன் நான்; மூடி திறந்திருந்தும் ஓடுவதை எட்டு நாள் கண்ணால் கண்டவனும் நான். இவ்வாண்டு நம் காலனியில் பதினொரு வீட்டுப் பொறிகளைப் பெரியவரும் நானும் திறந்து பார்த்தோம். மூன்றில் மூடிச் சுவிட்சின் ஒயர்கள் முறுக்கப்பட்டிருந்தன. அம்மூன்று வீட்டாரும் இம்மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். மூன்றும் இப்பொழுது சரியாகிவிட்டன. மற்ற வீட்டார் இன்றிரவு மூடியைத் திறந்து பத்து எண்ணிப் பாருங்கள். நிற்காத பொறி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்; ஞாயிறு காலையில் இருவரும் வருகிறோம். காப்பி மட்டும் கொடுத்தால் போதும்.

எங்கள் வீட்டுப் பொறி இப்பொழுது ஏழு எண்ணுவதற்குள் நிற்கிறது. என் தாயார் மட்டும் இன்னும் அதனருகே போவதில்லை. தம் சேலையைத் தாமே பிழிந்து, தாழ்வாரத்துக் கொடியில் விரித்துவிட்டு, அது உலரும் வரையில் இரண்டு நாள் காத்திருக்கிறார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.