எல்லையருகே ஓர் இல்லம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுதல் வழக்கம். இவ்வாண்டு வீட்டைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். காரணம் கேட்டேன். "பெங்களூரிலேயே வீடு வாங்குவதா, எல்லை கடந்து ஓசூரில் வாங்குவதா என்று உறுப்பினர் பலரும் என்னைக் கேட்கின்றனர். தாங்கள் இரண்டு ஊரிலும் வாழ்ந்தவர், தாங்களே விடை கூற வேண்டும்" என்றார். விடை கூறும் புலமை எனக்கில்லை. பட்டறிவு சிறிது உண்டு. அதனை உங்கள்முன் வைக்கிறேன்.

இரண்டு ஊர்களுக்கிடையே நின்று வீடு தேடுதல் நம்மவர்க்குப் புதிதன்று. இன்று ஒரே நகரமாக நாம் காணும் பெங்களூர் முன்னாளில் இரண்டு ஊர்களாக இருந்தது. 1537இல் கெம்பே கௌடர் அமைத்த பேட்டை ஒன்று. 1809இல் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்துப் படையைக் கொணர்ந்து நிறுவிய கன்டோன்மென்ட் மற்றொன்று. கன்னடத்தார் அதனைத் தண்டு என்பர். படையின் பின்னே பிழைப்பு நாடி வந்தவருள் தமிழர் மிகப் பலர். 1862இல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் ஏற்பட்டன. 1881இல் மைசூர் ஆட்சி மன்னர் கைக்குத் திரும்பியபோதும் தண்டு திரும்பவில்லை. பேட்டையில் திவானின் ஆணை. தண்டில் ஆங்கில ரெசிடெண்டின் ஆணை. நடுவே 1870இல் தோன்றிய கப்பன் பூங்கா பசுமையான வேலிபோல் கிடந்தது.

என் பாட்டனார் வடார்க்காட்டிலிருந்து வந்து தண்டுப் பகுதியாகிய அல்சூரில் குடியேறினார். அவருக்குத் தொழிலோ சிக்கப்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதுவது. கடைக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு கிடைத்தும், தமிழோசை கேட்கும் தெருவே வேண்டுமென்று அல்சூரைத் தேர்ந்தார். நாள்தோறும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் நடை. ஆயினும் ஒன்று செய்தார். கடையில் இருந்த கன்னடக் கணக்கரிடம் எழுத்துக் கற்று, கன்னடத்திலேயே பேரேடு எழுதும் அளவுக்குத் தேர்ந்தார். 1947 ஜூலையில் தண்டு மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949இல் இரண்டு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. இனி என்னாகுமோ என்று தெருவில் பலர் கலங்கியபோது அவர் கலங்கவில்லை. அவருக்கு அயலூர் என்பது எப்போதோ நீங்கிவிட்டது.

அந்தக் கோடு மறைந்தது. தெற்கே மற்றொரு கோடு நிலைத்தது. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகாலம் சென்னை மாநிலத்திலிருந்து மைசூருக்குச் சென்றது. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அந்த ஓசூரின் அருகில்தான் உள்ளது. தமிழகத்துக்குத் திரும்புகிறோம் என்னும் உவகையோடு அங்கே செல்பவர், கடைத்தெருவில் தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் கேட்பார். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தெலுங்கரும் கன்னடரும் நாம் இங்கே இருப்பதுபோல் அங்கே இருப்பவர்கள். இதனை மறவாதிருத்தல் நன்று.

ஓசூர் தொழிற்பேட்டையால் வளர்ந்து 2019இல் மாநகராட்சி ஆயிற்று. பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியோ அதே ஓசூர்ச் சாலையில் இருக்கிறது. 2010இல் மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ இரயில் பொம்மசந்திரா வரை வந்தது. இங்கே ஈட்டி அங்கே உறங்கலாம் என்று இளைஞர் கணக்கிடுவதில் வியப்பில்லை.

கணக்கிடும்போது முழுக் கணக்காக இடுங்கள் என்பதே என் வேண்டுகோள். வீட்டின் விலை ஒரு வரி மட்டுமே. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றொன்றில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்; வரியும் அங்கே செலுத்த வேண்டும். பிள்ளைகளின் படிப்பு இதனினும் பெரிது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. நடுவில் பள்ளி மாறும் குழந்தை ஒரு மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்க நேரும். பொறியியற் கல்லூரிச் சேர்க்கையில் தமிழகம் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்று கேட்கும். கர்நாடகம் ஏழாண்டு இங்கே படித்தாயா என்று கேட்கும். அங்கே குடியிருந்து பிள்ளையை இங்கே பள்ளிக்கு அனுப்ப எண்ணுவோர், முன்பணம் கொடுக்குமுன் இவ்விதிகளைப் படித்தறிதல் வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2012இல் என் மகன் ஓசூரில் வீடு வாங்கினான். நானும் என் மனைவியும் உடன் சென்றோம். மருமகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் பணி செய்து வந்தாள். 2016 செப்டம்பர் 12ஆம் நாள் காவிரிப் பூசலால் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. அன்று அவள் எப்படியோ அத்திப்பள்ளி வரை வந்துவிட்டாள். அதற்குமேல் வண்டி இல்லை. சாலையோரத்துப் பூக்கார அம்மையார் ஒருவர் அவளைத் தம் வீட்டுக்குள் அழைத்து, மோர் கொடுத்து, அந்தி சாய்ந்தபின் எல்லை வரை துணைக்கு நடந்து வந்தார். வழி நெடுக அவர் பேசியது கன்னடம். என் மருமகளும் கன்னடத்திலேயே விடை கூறி வந்தாள். பெங்களூர் 1974 முதல் காவிரி நீரைக் குடிக்கிறது. ஓசூர் 2013 முதல் ஒகேனக்கல் திட்டத்தால் அதே காவிரியைக் குடிக்கிறது. அந்த அம்மையார் கொடுத்த மோரில் எந்த ஊர்க் காவிரி இருந்தது என்று யார் கூற வல்லார்?

இரண்டாவது நிகழ்ச்சி என் தவற்றைப் பற்றியது. ஓசூரில் எட்டாண்டு வாழ்ந்தும் என் குடும்ப அட்டை, வாக்காளர் பெயர், ஆதார் முகவரி அனைத்தையும் அல்சூரிலேயே விட்டு வைத்தேன். அல்சூரை அறவே விட்டுவிட மனம் இசையவில்லை. 2020இல் ஊரடங்கு வந்தது, எல்லை மூடிற்று. அல்சூரில் என் தமக்கையார் நோயுற்றுக் கிடந்தார். அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பித்தேன். இருக்கும் இடம் ஒன்று, தாளில் உள்ள இடம் வேறு. விண்ணப்பம் திரும்பி வந்தது. மறுமுறை எழுதிச் சீட்டுப் பெற்று நான் போய்ச் சேர்ந்தபோது அக்காளை எரித்து ஒரு நாள் ஆகியிருந்தது. நான் எவரையும் குறை கூறேன். அவர்கள் தாளைப் பார்த்தார்கள். என் தாள் பொய் சொல்லிற்று.

அன்பர்களே, இதனால் நான் கற்றது இதுவே. இப்புறம் வாழ்வதும் நன்று. அப்புறம் வாழ்வதும் நன்று. உடலை ஒரு புறமும் மனத்தையும் தாளையும் மறு புறமும் வைத்து வாழ்வதே தீது. ஓசூருக்குச் செல்பவர் முழுமையாகச் செல்லுங்கள், முகவரியை மாற்றுங்கள், அவ்வூர் வாக்காளர் ஆகுங்கள், அங்குள்ள தெலுங்கரையும் கன்னடரையும் சுற்றமாகக் கொள்ளுங்கள். பெங்களூரில் இருப்பவர் முழுமையாக இருங்கள். இவ்வூர் மொழியை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழை வீட்டில் வளர்க்க அது தடையாகாது. என் பாட்டனார் அதற்குச் சான்று.

கோடுகள் நம்மைக் கேட்டு இடப்படுவதில்லை. 1949இல் இணைந்த மாநகராட்சி பின்னர் விரிந்து, 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. நாளை எக்கோடு எங்கே செல்லுமோ, அறியோம். அண்டை வீட்டார் மட்டும் அண்டையிலேயே இருப்பர். ஆதலின் வீடு பார்க்கப் போகும் நாளில் சுவரைத் தட்டிப் பார்த்தபின், பக்கத்து வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டி இரண்டு சொல் பேசிவிட்டு வாருங்கள்.

என் மகன் இன்று ஓசூர்க்காரன். நானும் என் மனைவியும் அல்சூருக்கே திரும்பிவிட்டோம். பேரக் குழந்தைகள் விடுமுறைதோறும் இங்கே வருகின்றனர். அத்திப்பள்ளியில் பேருந்து நின்றால் அவ்வம்மையாரிடம் பூ வாங்கி வர அவர்கள் மறப்பதில்லை.