பம்ப்ளிமாஸும் மாத்திரை டப்பாவும்

போன மாதம் ஊரிலிருந்து வந்த பம்ப்ளிமாஸ் பழங்களை வீடு வீடாகக் கொடுத்தவன் நான்தான். பிறகுதான் ஒரு விஷயம் படித்தேன். கொடுத்தவனே சொல்லிவிடுவது நல்லது. நான் பி.காம்., வங்கியில் கிளார்க்காக இருந்தவன். புரிந்த அளவு சொல்கிறேன்.

பம்ப்ளிமாஸின் கசப்புக்கு முக்கியக் காரணம் நரிஞ்சின் என்ற ஃப்ளாவனாய்டு. அதன் அடிப்படை 15 கார்பன் அணுக்கள்: இரு பக்கமும் ஆறு ஆறு, நடுவில் மூன்று. அதோடு குளுக்கோஸ், ராம்னோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் ஒட்டியிருக்கும். ஆரஞ்சிலுள்ள ஹெஸ்பெரிடினிலும் இதே இரண்டு சர்க்கரைகள்தான். ஆனால் அவை ஒன்றோடொன்று சேரும் இடம் வேறு, அதனால் கசப்பில்லை. கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் பணம் வேறு ஆளுக்குப் போகிறதல்லவா, அதுபோல.

பம்ப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்தது கிரேப்ஃப்ரூட். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் ஏறியது. காரணம் ஜூஸ்தான் என்று 1991-ல் வெளியிட்டார்கள்.

சந்தேகம் முதலில் நரிஞ்சின் மேல் விழுந்தது. தனியாகக் கொடுத்துப் பார்த்தால் அந்த விளைவு வரவில்லை. உண்மைக் காரணம், அதே பழத்திலுள்ள ஃபுரானோகூமரின் என்ற வேறு பொருள்கள். குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை இவை முடக்கிவிடும். பம்ப்ளிமாஸிலும் இவை உண்டு.

ஆகவே, "கசப்புத் தோலை உரித்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருக்க முடியாது. காலையில் மாத்திரை, மாலையில் பழம் என்று பிரிப்பதும் போதாது; நொதி மறுபடி உருவாக ஒரு நாளுக்கு மேலாகும்.

எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. ஃபெலோடிபின், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் கவனம் தேவை. தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழத்தைத் தள்ளிவைத்துவிட்டு, மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

சாத்துக்குடி, கமலா ஆரஞ்சில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போனால் உங்களுக்குச் சாத்துக்குடிதான்.