நான்கு பேர் சுமந்த பாரம்
(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் அளித்த செய்தி)



கப்பர்நகூமிலே திமிர்வாதக்காரனை இயேசுவிடம் எடுத்துவர நான்கு பேர் தேவைப்பட்டார்கள் என்று மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் வார்டிலோ இராத்திரி டியூட்டியில் ஒரு சிஸ்டரும் ஓர் ஆயாவுமே 70 கிலோ நோயாளியைத் தூக்குகிறார்கள்.

நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 16 கிலோவுக்கு மிஞ்சலாகாது என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் எழுதினார். நோயாளி அரிசி மூட்டையல்லவே! திடீரென்று திமிறுவார், நழுவுவார். குனிந்தபடி திரும்பும் அந்த நொடியில் சிஸ்டரின் இடுப்பு பிடித்துக்கொள்ளும்; சிலருக்கு அதோடு வேலையே போய்விடும். முதுகை நேராக வை என்று போதித்தால் மட்டும் போதாது.

ஆகையால் கட்டிலை இடுப்பளவு உயர்த்தி, வழுக்குத் துணி விரித்து, தூக்காமல் நகர்த்துகிறோம். அக்குளில் கைகொடுத்து இழுப்பதில்லை. அது நோயாளியின் தோளையும் கெடுக்கும்.

பம்பு அடித்து உயர்த்தும் தூக்கு எந்திரம் பெண்கள் வார்டில் ஒன்று உண்டு. ஆண்கள் வார்டுக்கும் ஒன்று வேண்டும். அதற்கென்று குறித்துக் காணிக்கை அனுப்பலாம். எந்திரம் மெதுவாய்ப் போகிறதென்று முதலில் முறுமுறுத்த ஆயாமார்கள், இப்போது அதை இரவல் கொடுக்கவே மறுக்கிறார்கள்!